வேலியில்லா வயல்கள் அழியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்து வேலியிட வழிசெய்த, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வந்த வேலியடைப்புச் சட்டங்கள், பலரது துண்டுகள் வேலியின்றி அடுத்தடுத்துக் கிடக்கும் திறந்தவெளி வயல்களை விழுங்கிய கதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால், அந்தத் திறந்தவெளி வயல் முறை அடியோடு அழிந்துவிட்டது என்று அவர் முடித்திருப்பதைத்தான் ஏற்பதற்கில்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அங்கே மூன்று பெருவயல்கள் உள்ளன. ஒன்றில் கோதுமை, மற்றொன்றில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசாகவோ தீவனப் புல்லுக்காகவோ விடப்படும். ஆண்டுதோறும் இது சுழலும். இவற்றைப் பொதுநிலம் என்று கட்டுரையாளர் குறிப்பிடுவது இன்னொரு பிழை. ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயல்களிலும் அவரவர் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. பொதுவானவை பயிர்ச்சுழற்சியும் கட்டுப்பாடுகளுமே. துண்டுகளுக்கிடையே வேலி கிடையாது. பண்ணை வீடுகளும் வயல்நடுவே இல்லாமல் ஊர்த்தெருவை ஒட்டியே நிற்கின்றன.

வேலி இல்லாத இடத்தில் அண்டை நிலத்தையோ பாதையையோ ஓரிரு சால் சேர்த்து உழுதுவிடும் ஆசை யாருக்கும் வரும். அதனால்தான் நவம்பர் இறுதியில், ஊர் விவசாயிகளே ஜூரிகளாகி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி நடக்கிறார்கள். பாதையோரத்தையும் புல்வெளி ஓரத்தையும் கண்ணால் அளந்து, எல்லை தப்பிய இடத்தில் மர முளையை அடித்து வைக்கிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற மதுவிடுதியில் 'கோர்ட் லீட்' எனப்படும் ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. தொகை பெரிதில்லை, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும் என்பது என் எண்ணம். இது வெறும் திருவிழாச் சடங்கும் அன்று: 1977இல் நாடாளுமன்றம் இத்தகைய பழைய மன்றங்களின் விசாரணை அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

இவ்வூரின் நிலத்துண்டுகளை 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் அளந்து வரைந்த வரைபடம் இன்றும் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன்பின் துண்டுகள் பல ஒன்றுசேர்ந்து எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. டிராக்டர் காலத்திற்கு அது தவிர்க்க முடியாததே. நிலவுடைமையும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. மான்வர்ஸ் பிரபு குடும்பத்திடமிருந்து 1952இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981இல் அது முடியரசின் சொத்து நிர்வாகத்திடம் சென்றது. 2020இல் மீண்டும் தோர்ஸ்பி பண்ணைக்கே, அதாவது பழைய பிரபுவின் குடும்பத்தாரிடமே, விற்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் ஜூரிகளின் நடை மட்டும் நிற்கவில்லை.

கட்டுரை நூலாக்கம் பெறும்போது இவ்விரு திருத்தங்களையும் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்