வண்டியை விக்க வேண்டாம்ப்பா

வின்னிபெக்,
தை மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கன நல்லா இருக்கேன். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் சுகம்தானே? மார்கழியில ஆச்சிக்கு மூட்டுவலி கூடிருச்சுன்னு அம்மா சொன்னா. மாத்திரையை வெறும் வயித்துல போடவிடாதீங்க, பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க.

"கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிய நம்பி அந்தப் பனிக்குள்ள போகாதே, வித்துட்டு கியர் வண்டியா வாங்கு"ன்னு போன்ல சொன்னீங்க. அப்ப எனக்கு டூட்டிக்கு நேரமாயிட்டுது. மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலைக்கு அத்தனை வளைவுலயும் பஸ் ஏத்தி இறக்கின உங்ககிட்ட, "சரியாயிரும்ப்பா"ன்னு ஒத்தை வார்த்தையில முடிக்க எனக்கு மனசில்ல. அதான் உக்காந்து எழுதுதேன்.

குளிர் மைனஸ் 30-க்கு இறங்கின வாரத்துலதான் ஆரம்பிச்சுது. வெள்ளன ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி டிரைவ்ல போட்டா வண்டி பிடிக்கல. இன்ஜின் ஓடுது, சக்கரம் நகரல. கொஞ்சம் பொறுத்து டொக்குன்னு ஒரு இடி, அப்புறம்தான் கிளம்புது. சிக்னல்ல பச்சை விழுந்து ஆக்சிலேட்டரை மிதிச்சா, இன்ஜின் சுத்துறதைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறுது, வண்டி வேகம் ஏறல. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிக்கான். கால் மணி நேரம் ஓடினதுக்கப்புறம் பாத்தா ஒரு குறையும் இல்ல, கியர் ஒவ்வொண்ணும் அலுங்காம மாறுது. மறுநாள் காலையில திரும்பவும் அதே கதை.

பஸ்ல போகலாமேன்னு அம்மா கேக்கா. டிசம்பர் கடைசியில இங்க எட்டு மணிக்கு மேலதான் விடியுது. காத்தும் சேர்ந்து மைனஸ் 40 மாதிரி இருக்குற நாள்ல, மூடாத தோல் பத்து நிமிஷத்துக்குள்ளயே உறைஞ்சு போகும்னு வானிலை அறிக்கையிலயே எச்சரிக்காங்க. அந்த இருட்டுல ஸ்டாப்ல நிக்கது லேசுப்பட்ட காரியமில்ல. முதியோர் இல்லத்துக்கு ஏழு மணிக்கு நான் போய் நின்னாத்தான் ராத்திரி முழுக்க முழிச்ச நர்ஸ் வீட்டுக்குக் கிளம்ப முடியும். அதனால வண்டி எனக்கு வசதிக்கு இல்லப்பா, வேலையில பாதி அதுதான்.

இப்ப உங்க கிளட்ச் விஷயத்துக்கு வாரேன். இந்த வண்டியில கிளட்ச் இல்லாம இல்ல, உள்ள பல கிளட்ச் இருக்கு. இல்லாதது பெடல் மட்டும்தான். உங்க பஸ்ல இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு பிளேட், அதை உங்க இடது கால் அமுக்கி விடும். இங்க அந்த இடத்துல டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு. எண்ணெய் நிரம்பின கூட்டுக்குள்ள எதிரும் புதிருமா ரெண்டு இறக்கைச் சக்கரம். இன்ஜின் ஒண்ணைச் சுத்தினா, அது தள்ளுற எண்ணெய் மத்ததைச் சுத்தும். கியர் பாக்ஸுக்குள்ள சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கு அடுக்கா வச்சிருக்காங்க. எந்த கியர் விழணுமோ அதுக்குரிய அடுக்கை எண்ணெயோட அழுத்தம் அமுக்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தைக் கொடுக்க ஒரு பம்ப், வழி திருப்ப வால்வுகள். உங்க கால் செஞ்ச வேலையை முழுக்க முழுக்க எண்ணெய்தான் செய்யுது.

அப்ப எண்ணெய்க்கு ஒண்ணுன்னா எல்லாம் கெட்டுது. மார்கழி விடியகாலையில நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில்ல இருந்து இறங்க மாட்டேங்குமே, இந்த எண்ணெயும் கடுங்குளிர்ல அப்படித்தான் இறுகும். கல்லா உறையாது, ஆனா பம்ப் வெரசா இழுக்க முடியாத அளவுக்குக் கெட்டிப்படும். அளவும் குறைவா இருந்தா இன்னும் மோசம். குளிர்ல எண்ணெய் சுருங்கி மட்டம் மேலும் இறங்கும், பம்ப் எண்ணெயோட காத்தையும் சேத்து உறிஞ்சும், அழுத்தம் நிக்காது. பிளேட்டுகள் இறுகப் பிடிக்காம ஒண்ணுமேல ஒண்ணு உரசி வழுக்கும். மூணாவது, எண்ணெய் அழுத்தத்துல நகந்து பிளேட்டு அடுக்கை அமுக்குற பிஸ்டன்களைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல். வயசானா விறைச்சுப் போகும், குளிர்ல இன்னும் சுருங்கி, அழுத்தம் ஓரமா ஒழுகிப் போகும். சூடேறினா ரப்பர் இளகி அடைச்சுக்கிடும். அதான் காலையில சீக்கு, மத்தியானம் சுகம்.

இதனால மெக்கானிக்கிட்ட போனா ஒண்ணும் தெரியாது. நான் போய்ச் சேரும்போதே வண்டி சூடாகி நல்ல பிள்ளையா நிக்கும். மொதல்ல காட்டின இடத்துல ஓட்டிக்கூடப் பாக்காம கியர் பாக்ஸையே மாத்தணும்னு சில ஆயிரம் டாலர் சொன்னாங்க. கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, அவங்க ஊர்க்காரப் பெரியவர் ஒருத்தரைக் காட்டிவிட்டா. (இந்த ஊர்ல அவங்க ஆளுக நிறைய.) அவர் சொன்ன மொத வார்த்தையே, "சாவியைக் குடுத்துட்டுப் போ, ராத்திரி வெளியிலயே கிடக்கட்டும், காலையில நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேன்." அப்பவே எனக்கு உங்க ஞாபகம் வந்துட்டுதுப்பா. பிரேக் சத்தம் கேக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டு, டெப்போவுல விட்ட வண்டியை விடியகாலையில போய் நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாப்பீங்கள்லா.

அவர் மறுநாள் எண்ணெய் மட்டம் பாத்தாரு. என் வண்டியில இது இன்ஜின் ஆயில் பாக்குற மாதிரி இல்ல. சமதரையில நிறுத்தி, வண்டி நல்லா சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை உருவிப் பாக்கணும். சில கம்பெனி வண்டிக்கு இன்ஜினை அணைச்சுட்டுப் பாக்கணுமாம், புது வண்டிகள் பலதுல டிப் ஸ்டிக்கே கிடையாது. மட்டம் குறைஞ்சிருந்தது. இந்த எண்ணெய் ரேடியேட்டருக்குப் போற குழாய் மூட்டுல கசிவு. எண்ணெயோட செவப்பு மங்கியிருந்துச்சே தவிர கருகின வாடை இல்ல. மலையேத்தத்துல கிளட்ச் தீயுற வாடையை நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தும் கண்டுபிடிப்பீங்க, அதே வாடைதான் இதுலயும் ஆபத்துக்கு அடையாளம். கியர் பாக்ஸ் அடியில உள்ள ஆயில் சேம்பரைக் கழட்டி, அதுல இருக்கிற காந்தத்தை என்கிட்டயே காட்டினாரு. மையா நைஸ் தூசி மட்டும், இரும்புச் சில்லு ஒண்ணும் இல்ல. தூசி தேய்மானத்துல வாரது, சில்லு வந்தாத்தான் பயப்படணும்னாரு. மூட்டைச் சரிபண்ணி, ஃபில்டரை மாத்தி, கம்பெனி சொல்லுற சிந்தெடிக் எண்ணெயை அளவா ஊத்தினாரு. கூடினாலும் நுரைச்சுக் கெடுக்குமாம்.

இப்ப சிக்னல்ல வழுக்குறது நின்னுபோச்சு. ரொம்பக் குளிரான அன்னைக்கு மட்டும் டிரைவ்ல போட்டதும் ஒரு நொடி யோசிக்கும். அது சீல் வயசாயிட்டதோட குணம், இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு பிரிச்சு வேலை செய்யணும்னு அவர் மறைக்காம சொல்லிட்டாரு. அந்த நேர்மைக்காகவே இனி அவர்கிட்டதான் போவேன்.

இங்க நிறைய வண்டிக்கு முன்னாடி ஒரு பிளக் வயர் தொங்கும். ராத்திரி கரண்ட்ல மாட்டினா இன்ஜினைச் சூடா வச்சிருக்கும். வேலை செய்யுற இடத்து பார்க்கிங்லயும் பிளக் பாயிண்ட் வச்சிருக்காங்க. ஆனா அது கியர் பாக்ஸை எட்டாது. அதுக்குன்னு சேம்பர் அடியில ஒட்டுற ஹீட்டர் ஒண்ணை அவரே மாட்டிக் குடுத்தாரு. காலையில ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு, மொத ரெண்டு மூணு கிலோமீட்டரை நீங்க சொல்லுற மாதிரி பைய ஓட்டுதேன். வழுக்கினா மிதிக்கதில்ல, காலை எடுத்துருதேன். மிதிக்க மிதிக்கத்தான் பிளேட்டு தீயும்.

குளிர்ல கியர் கொஞ்சம் தாமதமா மாறினா அதை வழுக்கல்னு நினைக்கக் கூடாதுப்பா. எண்ணெய் சூடேறட்டும்னு கம்ப்யூட்டரே அப்படிப் பிடிச்சு வைக்கும். அப்ப முள்ளு ஏறினா வேகமும் கூட ஏறும். முள்ளு ஏறி வேகம் ஏறாட்டித்தான் சீக்கு.

எதிர் வீட்டு சார் வண்டியை ஓட்டிப் பாத்துட்டுத்தான் நீங்க ஆட்டோமேட்டிக்னாலே வெறுக்கீங்கன்னு தோணுது. அது ஏஎம்டி, நம்ம ஊர்ல 2014-க்கு அப்புறம் பரவினது. உங்க கியர் பாக்ஸேதான், கிளட்சை அமுக்குறதையும் கியரை மாத்துறதையும் உங்க காலுக்கும் கைக்கும் பதிலா ஒரு இயந்திரம் செய்யுது. அதான் கியர் மாறும்போது தலை ஆடுது. இங்க உள்ளது வேற ஜாதி. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்லயே ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்னு வித்திருக்காங்க. எங்க இல்லத்துல இருக்கிற பாட்டிமார்ல கிளட்சே மிதிக்காம ஆயுசு பூரா வண்டி ஓட்டினவங்க உண்டு.

தம்பி பாளையங்கோட்டையில பழைய ஆட்டோமேட்டிக் ஒண்ணு பாக்கான்னு அம்மா சொன்னா. அவன் பேச்சுக்கு விடாம நீங்களே கூடப் போங்க. வெள்ளனயே, சொல்லாமப் போய் நில்லுங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, விக்கிறவன் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம், இன்னொரு நாள் வாரோம்னு திரும்பிருங்க. ராத்திரி பூரா கிடந்த வண்டியாத்தான் பாக்கணும். நம்ம ஊர்க் குளிர் ஒரு குளிரே இல்லாட்டியும், பழுதான கியர் பாக்ஸ் அந்த மொத கிலோமீட்டர்லதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். டிரைவ்லயும் ரிவர்ஸ்லயும் போட்டதும் பிடிக்கான்னு பாருங்க, எண்ணெயைத் துணியில தொட்டு மோந்து பாருங்க. உங்க மூக்கு சரின்னு சொன்னா வாங்கட்டும். என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு எனக்கும் எழுதுங்க, நான் அந்தப் பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்.

ஆனித் தேருக்கு வர லீவு கேட்டிருக்கேன்.

உங்கள் அன்பு மகள்