சுவரில் கை வைக்கும் முன்

திண்டுக்கல்

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நல்லா இருக்கிறோம். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி.

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி நாலு தடவை பார்த்தேன். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறது. "இதை எடுத்துட்டா வீடே பெருசாயிரும் சார், நாலே நாள் வேலை" என்கிறார் மேஸ்திரி. அந்தக் கோட்டுக்குக் கீழே, தலையில் சும்மாடு சுற்றி, காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். பச்சைச் சேலை. அவளைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் நானும் சித்தாளாக அப்படித்தான் நின்றேன். அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அத்தை ஏன் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள் என்று சின்ன வயதில் கேட்டாய். சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் காலையில் என்னை வேலைக்குப் போக விட்டிருக்க மாட்டாய்.

அது ஒரு பழைய மாடி வீடு. கீழே கடை வைக்கப்போகிறேன், ஷட்டர் போட வேண்டும், முன்பக்கச் சுவரை எடுங்கள் என்றார் வீட்டுக்காரர். ஒன்பது அங்குலச் சுவர். பில்லர் கிடையாது. மேல்தளம் அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தது. முறையாக முட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் தளத்தைத் தாங்கி நிற்கிற இரும்பு ஜாக்கி வாடகைக்கு எடுக்க வேண்டும், இரண்டு நாள் போகும். வீட்டுக்காரருக்கோ தை பிறப்பதற்குள் கடையைத் திறந்துவிட வேண்டும். மேஸ்திரி இரண்டு சவுக்குக் கட்டையை நிறுத்தினார், அடியில் ஒரு பலகைகூட இல்லாமல்.

பதினொரு மணி டீ குடித்துவிட்டு நானும் அத்தையும் சட்டியைத் தூக்கினோம். என் பின்கழுத்தில் மணல் விழுந்தது. காரைத் தூசிதானே என்று தட்டிவிட்டேன். மறுபடி விழுந்தது, இந்தத் தடவை நிற்காமல், சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் தளமும் சுவரும் சேர்கிற இடத்தில் மயிர் மாதிரி ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டுகொண்டு போனது. "வெளியே வாடி" என்று கத்தினேன். நான் வாசல் பக்கம் இருந்தேன், அவள் உள்ளே இருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். அவளை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இடுப்பெலும்பு போய்விட்டது. வீட்டுக்காரர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார், அதற்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். பில்லர் இருக்கிறதா என்று கேட்டால், "எல்லா ஃப்ளாட்டிலும் இருக்கும்மா" என்றாய். அப்படி இல்லை தம்பி. பழைய இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்களில் பாரம் முழுவதையும் செங்கல் சுவரே தாங்குவது நிறைய உண்டு. நாலரை அங்குலம் என்றால் வெறும் தடுப்பு, ஒன்பது என்றால் பாரம் தாங்குகிற சுவர் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அதை நம்பிச் சம்மட்டியைத் தூக்கக் கூடாது. கையால் தட்டிப் பார்த்து மேஸ்திரி சொல்வதும் கணக்கில் வராது. கட்டடத்தின் வரைபடத்தைத் தேடி எடு. கட்டடத்தின் பாரத்தைக் கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் கூட்டி வந்து பார்க்கச் சொல், சொல்வதை எழுதி வாங்கு. கிரானைட்டுக்கு அவ்வளவு கொடுக்கிறாய், இதற்குக் கணக்குப் பார்க்காதே.

எடுக்கலாம் என்று அவர் சொன்னாலும் முட்டுத்தான் முதல் வேலை. சுவருக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி நிற்க வேண்டும். அந்தப் பாரம் உன் வீட்டுத் தரையில் இறங்கும், அதனால் கீழ் வீட்டிலும் முட்டு வேண்டியிருக்கலாம். அவர்களிடம் இப்போதே பேசிவிடு. சுவர் இருந்த இடத்தில் மேல்தளத்தைத் தாங்கப் புதிதாக கான்கிரீட் பீம் போட்டால் அடியில் இருக்கிற முட்டுகளைக் குறைந்தது 14 நாள் பிரிக்கக் கூடாது, நீளம் 6 மீட்டருக்கு மேல் என்றால் 21 நாள். பத்து நாளாவது சாக்கைச் சுற்றி ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். நாலு நாளில் முடிக்கிறேன் என்பவர் இதில் எதைச் செய்யப்போகிறார்?

இன்னொன்று, இதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. இடித்த செங்கலை எங்கே கொட்டுவார்கள்? ஹால் நடுவில்தான். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் என்றால் கிட்டத்தட்ட ஆயிரம் செங்கல். காரையோடு சேர்த்து நாலு டன் வரும். நான் சுமந்த கணக்கில் நூற்றைம்பது நடை. வீட்டுத் தளத்தில் ஆளும் சாமானும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்குப் போடுவார்கள் என்று ஒரு இன்ஜினியர் சார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்துக்குப் பத்து அறைக்கு அது இரண்டு டன்கூட இல்லை. அதனால் இடிக்க இடிக்க அள்ள வேண்டும், குவிய விடவே கூடாது. பழைய மொசைக்கைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டுவதும் இதே மாதிரிதான். இரண்டு அங்குலக் கலவை என்றாலே அந்த அறைக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் கூடுகிறது.

டெல்லி பக்கத்தில் குருகிராமில் 2022 பிப்ரவரியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆறாவது மாடி ஃப்ளாட்டில் இப்படி வேலை நடந்துகொண்டிருந்தபோது தளம் இடிந்து, கீழ் வீடுகளின் தளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு முதல் மாடி வரைக்கும் போனது. இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். அந்தக் கட்டடத்துக்கு ரொம்ப வயசுகூட ஆகவில்லை.

அப்புறம், பிளம்பர் வரும் நாளில் பக்கத்திலேயே நில். குழாய் போக ஓட்டை போடும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி குறுக்கே வந்தால் அறுத்துவிட்டு, பூசி மறைத்துவிட்டுப் போவார்கள். என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.

மருமகள் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. சமைத்துக்கொண்டே பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாள். முழுச் சுவரையும் எடுக்க முடியாது என்று இன்ஜினியர் சொன்னால், பாதி உயரத்துக்கு ஒரு ஜன்னல் மாதிரி திறக்க வழி உண்டா என்று கேள். அதற்கும் மேலே லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் குறுக்கே போடுகிற சின்ன பீம், வேண்டும், அதற்கும் முட்டு வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கு அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். நான் வருகிற வரைக்கும் சம்மட்டி அந்தச் சுவரில் படக் கூடாது. வேலையை நிறுத்திவைக்கிற நாளுக்கும் அந்தப் பச்சைச் சேலைப் பெண்ணுக்குக் கூலி கொடுத்துவிடு, மேஸ்திரி கையில் இல்லை, அவள் கையிலேயே. இல்லையென்றால் நாளைக்கு அவள் வேறு யார் வீட்டுச் சுவருக்குக் கீழேயாவது போய் நிற்பாள்.

பாப்பாவுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அம்மா