தனியாளாகச் சீலிங் போர்டு அடிக்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்தில் தோள்வலி இன்னும் விட்டபாடில்லை என்கிறாய். மூன்றாம் பக்கத்தில் மாடி அறை சீலிங்குக்கு ஜிப்சம் போர்டை நானே தனியாக அடிக்கப்போகிறேன் என்கிறாய். இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று கையெழுத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். நீ ஒன்றை முடிவு செய்துவிட்டால் தடுப்பது எனக்கு அந்தக் காலத்திலேயே கைவந்ததில்லை. அதனால் எப்படிச் செய்வது என்று எழுதிவிடுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஓய்வு கிடைத்த பிறகுதான் வேலை கூடியிருக்கிறது. பின்பக்க அறையின் சீலிங்கைப் போன மாதம் முடித்தேன். கூட ஆள் இல்லை, வாடகைக்கு எடுத்த ஒரு லிஃப்ட் மட்டும்.

ஆளை ஏற்றுகிற லிஃப்ட் என்று நினைத்துவிடாதே. சக்கரம் வைத்த மூன்று கால்கள், ஒன்றுக்குள் ஒன்று நீளும் கம்பம், உச்சியில் போர்டைத் தாங்க ஒரு சட்டம், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் கம்பி வடம் இழுத்துக்கொண்டு போர்டு மேலே போகும். சாதாரண வகையே சுமார் 11 அடி உயரம் போகும், 68 கிலோ தாங்கும். பாகம் பாகமாகக் கழன்றுவிடும் என்பதால் மாடிக்குக் கொண்டுபோவது சிரமமில்லை.

4-க்கு 8 அடி, அரை அங்குலத் தடிமன் போர்டு ஒன்று 20 முதல் 25 கிலோ வரும். 5/8 அங்குலம் என்றால் 30-ஐத் தாண்டும். இந்த எடையை நாம் தூக்காதவர்களா? ஆனால் தலைக்கு மேலே அசையாமல் ஏந்திக்கொண்டு, ஓரத்தைச் சரிபார்த்து, அதே நேரத்தில் ஸ்க்ரூவும் முடுக்க மூன்றாவது கை வேண்டும். டி வடிவக் கட்டைகளை முட்டுக்கொடுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். இரண்டு பேர் இருந்தால் சரி. தனியாளுக்கு அது கழைக்கூத்துதான். ஓரத்தை அரை அங்குலம் நகர்த்த நினைத்தால் கட்டை சரியும்.

லிஃப்டில் ஏறி நின்ற போர்டு காத்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஏணியில் ஏறிப் பார்க்கலாம், இறங்கித் தண்ணீர் குடிக்கலாம். போர்டின் விளிம்பு சீலிங்கின் மரச்சட்டத்துக்கு நடுவில் வரவில்லையா, ஒரு சுற்று இறக்கி, லிஃப்டை உருட்டிச் சரிசெய்து மறுபடி ஏற்றலாம். அவசரம் போய்விட்டால் தப்பும் பாதி போய்விடும்.

உன் தோளுக்குப் பெரிய வேலை போர்டை லிஃப்டில் வைக்கும்போது மட்டும்தான். லிஃப்டின் தாங்கும் சட்டத்தைச் சாய்த்து வைத்தால் கீழ்ப்பக்கக் கொக்கிகள் இடுப்பு உயரத்துக்கு அருகே நிற்கும். போர்டை ஒரே மூச்சில் தூக்காதே. ஒரு முனையை முதல் கொக்கியில் வை, பிறகு மறுமுனையைத் தூக்கி மற்றதில் வை. வழவழப்பான முகம் லிஃப்டைப் பார்த்திருக்கட்டும், அப்போதுதான் படுக்கவைத்ததும் அது கீழே பார்க்கும். போர்டு கொண்டுவருகிறவர்களிடம் சொல்லி அந்த அறையிலேயே சுவரோரம் நிமிர்த்தி அடுக்கச் செய்துவிடு. மாடிப்படியில் ஒவ்வொன்றாக நீ சுமக்க ஆரம்பித்தால் லிஃப்ட் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

மேலே ஏற்றுவதற்கு முன்பு செய்யவேண்டியவைதான் நிறைய. போர்டு ஏறிவிட்டால் சீலிங்கின் மரச்சட்டங்கள் மறைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு சட்டமும் எங்கே ஓடுகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்துக்கொள். போர்டின் நீளம் சட்டங்களுக்குக் குறுக்காக வரவேண்டும். குறுகிய முனைகள் சட்டத்தின் நடுவில் முடியவேண்டும், பக்கத்து வரிசையின் இணைப்போடு அவை நேர்கோட்டில் வரக்கூடாது. சட்டங்களுக்கிடையே 24 அங்குலம் இருந்தால் சாதாரண அரை அங்குல போர்டு நாளடைவில் தொய்யும். 5/8 வாங்கு, அல்லது சீலிங்குக்கென்றே வரும் தொய்யாத ரகத்தைக் கேள். வெட்டும்போது கால் அங்குலம் குறைவாகவே வெட்டு. இடைவெளியைப் பட்டியும் டேப்பும் மூடிவிடும், இறுக்கமாகத் திணித்தால் ஓரம் நொறுங்கும்.

மரச்சட்டத்தில் அரை அங்குல போர்டுக்கு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ போதும். சீலிங்கில் 12 அங்குலத்துக்கு ஒன்று. போர்டின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடித்துக்கொண்டு போ. ஸ்க்ரூவின் தலை போர்டை மூடியிருக்கும் காகிதத்துக்குச் சற்று உள்ளே அமுங்கவேண்டும், ஆனால் காகிதம் கிழியக்கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு இல்லை, பக்கத்தில் இன்னொன்று போடு. சட்டங்கள் வந்து முட்டுகிற சுவர்ப் பக்கத்தில் முதல் ஸ்க்ரூவைச் சுமார் 7 அங்குலம் தள்ளியே அடி. பின்னால் வரும் சுவர் போர்டு அந்த ஓரத்தைத் தாங்கிக்கொள்ளும், மூலையில் விரிசலும் குறையும். சீலிங்கை முதலில் முடித்துவிட்டுச் சுவருக்கு வருவது இதற்காகவும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் அலட்சியத்தைக் காட்டாதே. ஒவ்வொரு சட்டத்திலும் ஸ்க்ரூ ஏறிய பிறகுதான் லிஃப்டை இறக்கவேண்டும். நாலு மூலையில் நாலு போதும் என்று இறக்கினால் போர்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு தலையில் விழலாம். இறக்கும்போது சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே பிரேக்கை விடு, இல்லையென்றால் அது தானாகச் சுழன்று விரலைப் பதம்பார்க்கும். தரையில் கிடக்கும் துண்டுகளையும் கூட்டிவிடு. சிறு சக்கரத்துக்கு ஒரு ஸ்க்ரூவே பெரிய தடை, போர்டு உச்சியில் இருக்கும்போது லிஃப்ட் தடுக்கிச் சாயலாம்.

குறுகலான நடை, அலமாரி அறை, மாடிப்படிக்கு மேலே இருக்கும் பகுதி, இங்கெல்லாம் லிஃப்டின் கால்கள் விரியாது. அந்த இடங்களுக்கு யாரையாவது கூப்பிடு, வீம்பு வேண்டாம்.

அறையின் நீள அகலத்தையும் சட்டங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. எந்த போர்டை எங்கே வெட்டினால் வீணாகாது என்று படம் போட்டு அனுப்புகிறேன். டாக்டர் தோளைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்