டேப்லட் முந்திக்கொண்டது

பெரம்பூர், சென்னை 600011
18.1.2026

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஸ்டுட்கார்ட்டில் குளிர் எப்படி? பையனின் இருமல் விட்டதா? நேற்று காணும் பொங்கல். தெருவில் பாதி வீடு பூட்டிக்கிடந்தது, எல்லாரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் இன்னும் ஒரு பத்து நாள் இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவதில் பாதி எனக்கு விழுவதில்லை அம்மா. "ம்ம்", "சரிம்மா" என்று நான் சொல்வதெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்வது. அக்டோபரில் ஒரு நாள் பையனுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்னதற்கு, "ரொம்ப சந்தோஷம்" என்றேனே, மறந்திருக்க மாட்டாய். அன்றைக்கு மாப்பிள்ளை சிரித்தது மட்டும் நன்றாகக் கேட்டது.

நீ வந்திருந்தபோது நடந்த அந்த டேப்லட் விஷயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அடைக்கு எந்தப் பருப்பு எவ்வளவு என்று பார்க்க என் டேப்லட்டை எடுத்தாய். சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு நரைத்த தலை, காதுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒரு கருவி, "பேரக்குழந்தையின் குரலைத் தவறவிடாதீர்கள்" என்று ஒரு வாசகம், கீழே மாதத் தவணை. கொஞ்சம் கீழே தள்ளினாய், அதே ஆள். பேப்பர் படிக்கலாம் என்று வேறு பக்கம் போனாய், அங்கேயும் அவனே உட்கார்ந்திருந்தான். நீ நிமிர்ந்து, "அப்பா, உங்களுக்குக் காது கேக்கலையா?" என்றாய். அடுக்களையிலிருந்து அம்மா, "மூணு வருஷமா நான் கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ வருவதற்கு முன், நவம்பரில் ஒரு நாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் காதுக் கருவி என்று தேடினேன். ஐந்தாறு பக்கம் பார்த்திருப்பேன். விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இலவசப் பரிசோதனை என்று ஓர் இடத்தில் பெயர், வயது, போன் நம்பர் கேட்டான், கொடுத்தேன். மறுநாளிலிருந்து நான் கேள்வியே படாத மூன்று இடத்திலிருந்து போன். காது கேட்காதவனுக்குப் போன் போட்டு, காது கேட்கிறதா என்று விசாரிக்கிறார்கள்! விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909-க்குச் சொல்லிப் பதிந்த பிறகு கொஞ்சம் ஓய்ந்தது.

ஒளித்துவைக்கிற விஷயமா இது, வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்பாய். வாஸ்தவம். நானே சொல்லியிருப்பேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது சொல்லலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. உன்னிடம் முதலில், அப்புறம் அம்மாவிடம். அதை எவனோ தன் வியாபாரத்துக்காக நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிட்டான்.

உனக்குத் தெரியும், நான் 34 வருடம் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிப்பில், இருந்தவன். பாதி எழும்பூரில், பாதி ஓடுகிற மெயில் வண்டியில். நாங்கள் கடிதம் பிரிப்பது என்றால் ஊர்வாரியாகப் பிரிப்பது. ஒட்டியதைப் பிரித்துப் படித்ததில்லை, படிக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், கறுப்பு மை இருந்தால் சாவு. கோர்ட்டுக் கடிதம் உறையிலேயே தெரியும். வளைகுடாவிலிருந்து மாதம் தவறாமல் வருகிற கவர் ஒன்று நின்றுபோனால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. வாரம் இரண்டு இன்லேண்டு, ஒரே கையெழுத்து, அனுப்புநர் இடம் காலி, போய்ச் சேர்வது பெண்கள் விடுதி என்றால் விளக்கம் வேண்டுமா? ஒரு வாரம் அது வராவிட்டால் எங்களுக்கே மனசு கேட்காது. புதிதாக வந்த பையன் ஒருவன் ஒரு நாள் போஸ்ட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். ஹெட் சார்ட்டர் அதைப் பிடுங்கிச் சேர வேண்டிய அறையில் செருகிவிட்டு, "கார்டைப் பிரிக்கத்தான் சம்பளம், படிக்க இல்லை" என்றார். அதற்கப்புறம் அந்தப் பையன் சிரித்துப் பார்க்கவில்லை. விழுப்புரம் வருவதற்குள் நாங்களும் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். அடுத்த மூட்டை காத்திருக்கும்.

இந்த விளம்பரக்காரனும் உறையின் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறான் என்று மாடி வீட்டுப் பையன் எனக்கு விளக்கினான். ஆனால் இவன் மறப்பதில்லை, எழுதி வைத்துக்கொள்கிறான்.

குக்கீ, குக்கீ என்கிறார்களே, அதை இத்தனை நாள் ஏதோ வைரஸ் என்று நினைத்திருந்தேன். 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி என்கிற இளைஞர் கண்டுபிடித்ததாம். அதுவரை வலைத்தளத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் நீ புது ஆள். கூடையில் ஒரு சாமானைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி. அதற்காக உன் கருவியிலேயே ஒரு சின்னச் சீட்டை எழுதி வைத்து, அடுத்த முறை அதைக் காட்டச் சொன்னார்கள். கபாலீஸ்வரர் கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் தருகிறானே, அதேதான். உன் பெயர் அவனுக்குத் தெரியாது. 47-ஆம் நம்பர் என்றால் இந்தச் செருப்பு, அவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டோக்கன் இல்லாமல் ரயில் டிக்கெட்கூட எடுக்க முடியாது.

இப்போது இப்படி நினைத்துப் பார். அந்தச் செருப்பு விடுகிற இடத்தை ஒரே ஆள் மயிலாப்பூரில், திருவல்லிக்கேணியில், வடபழனியில், மருந்துக் கடை வாசலில், வக்கீல் ஆபீஸ் வாசலில், அடகுக் கடை வாசலில் எல்லாம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். எங்கே போனாலும் உன் கையில் அதே 47. உன் பெயர் அவனுக்கு இன்னும் தெரியாது. ஆனால் 47 காலையில் டாக்டரைப் பார்த்தது, மத்தியானம் அடகு வைத்தது என்று தெரியும். மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான். காதுக் கருவி விற்ற பக்கத்திலும் உன் அடைப் பக்கத்திலும் ஒரே விளம்பரக் கம்பெனியின் ஆள் நின்றிருக்கிறான். 47 வந்ததும் அடையாளம் கண்டுகொண்டான். டேப்லட்டைப் பிடித்திருப்பது அப்பாவா மகளா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பக்கம் திறக்கிற அந்தக் கண் இமைக்கிற நேரத்தில், அந்த இடத்தில் யார் விளம்பரம் போடுவது என்று ஏலமே நடக்கிறதாம். முழுக்க இயந்திரங்களுக்குள். காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு ஏலம் விட்டால் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். என்னை ஏலம் விட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காது நன்றாக இருந்திருந்தாலும் கேட்டிருக்காது.

நான் அங்கே வந்திருந்தபோது தினமலர் படிக்கலாம், ஏதாவது வாங்கலாம் என்று எதைத் திறந்தாலும், குக்கீக்குச் சம்மதமா என்று கேட்டு முதலில் ஒரு பெட்டி வந்து நிற்கும். நான் முழிப்பேன். நீ எட்டிப் பார்த்து, "எல்லாத்துக்கும் சம்மதம்னு தட்டிடுங்கப்பா, இல்லன்னா விடமாட்டான்" என்பாய். கம்ப்யூட்டர் படித்தவள், நீயே அப்படிச் சொன்னாய்! எனக்கு அதில் ஒரு குறை உண்டு, எழுதிவிடுகிறேன். குக்கீக்குச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் முன்பே இருந்த விதி, 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம் அதை இறுக்கியது. உன்னைக் கேட்கத்தான் அந்தப் பெட்டியே. சம்மதம் பச்சையில் பெரிதாக இருக்கும், வேண்டாம் என்பது இரண்டு பக்கம் தள்ளி மங்கலாக இருக்கும். இது நியாயமில்லை என்று சொல்லித்தான் பிரான்சின் ஒழுங்குமுறை அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ஏற்பது ஒரே தட்டு என்றால் மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் வாதம். அவர்கள் உனக்காக அவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள், நீ ஒரே தட்டில் சம்மதம் என்று விடுகிறாய். இங்கே எங்களைப் பல தளங்கள் அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்பதுகூட இல்லை.

நம் ஊரிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆதார் விஷயத்தில் வழக்குப் போட்ட புட்டசாமி, அப்போதே எண்பது வயதைத் தாண்டியிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். (என் வயதுக்காரர்கள் இனி என்ன செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் இவரைத்தான் சொல்கிறேன்.) 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெரும்பகுதி நடைமுறைக்கு வர ஒன்றரை வருடம் அவகாசம். அதுவரை நம் கையே நமக்கு உதவி.

மாடி வீட்டுப் பையனை ஒரு சாயங்காலம் உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். ஆப்பிளின் சஃபாரியில் மூன்றாம் தரப்புக் குக்கீ 2020-லிருந்தே தானாக அடைபட்டிருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸும் ஒவ்வொரு தளத்தின் சீட்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறதாம். குரோமில் எடுத்துவிடப் போகிறோம் என்று கூகுள் 2020-இல் சொன்னது, தள்ளித் தள்ளிப் போட்டது, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதனால் அமைப்புகளில் போய் நாமே தடுக்க வேண்டும். தடுத்தாயிற்று. பழைய சீட்டுகளையும் அழித்தாயிற்று. அதனால் எல்லாத் தளத்திலும் மறுபடி கடவுச்சொல் கேட்டான், ஒரு நாள் முழுக்க அம்மாவிடம் திட்டு. ஆண்ட்ராய்டு போனில் விளம்பர ஐடி என்று ஒன்று உண்டு, செயலிகளுக்குள் அதுதான் 47-ஆம் நம்பர் டோக்கன். தனியுரிமை, விளம்பரங்கள் என்று போனால் அதை நீக்கலாம். என் போனிலும் அம்மா போனிலும் நீக்கினோம். இதனால் விளம்பரம் நிற்காது, என்னைப் பார்த்து வராது, அவ்வளவுதான். இப்போது டிராக்டர் விளம்பரம் வருகிறது.

ரகசிய ஜன்னலில், அந்த இன்காக்னிட்டோவில், தேடியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அதையும் விசாரித்தேன். மூடியதும் நம் டேப்லட்டில் தடம் இருக்காது, உன் கண்ணில் அந்த ஆள் பட்டிருக்க மாட்டான், உண்மைதான். ஆனால் போன இடத்தில் நம்மைப் பார்த்தவன் பார்த்தவன்தான். அங்கே பேரும் நம்பரும் எழுதிக் கொடுத்ததை எந்த ஜன்னல் மறைக்கும்? அது என் முட்டாள்தனம்.

உன் டேப்லட்டில் பையன் பொம்மைப் படம் பார்க்கிறானே, அதை அவனுக்குத் தனிக் கணக்கில் மாற்றிக் கொடு. நீ தேடுவது அவனுக்கும், அவன் தேடுவது உனக்கும் போய்ச் சேர வேண்டாம்.

சரி, காது. பொங்கலுக்கு முந்தின வாரம், நீ நினைக்கிற மாதிரி விளம்பரத்தைப் பார்த்து இல்லை, பக்கத்துத் தெரு ஈ.என்.டி. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போய் டெஸ்ட் எடுத்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். கேட்காமலே இரண்டு முறை தூக்கினேன், அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். வலது பரவாயில்லை. இடதில் 50 டெசிபல், நடுத்தரக் குறைபாடு என்று எழுதியிருக்கிறது. இடதுக்கு மட்டும் கருவி, வருகிற மாதம் பொருத்துகிறார்கள். விலையை நேரில் சொல்கிறேன், எழுதினால் நீ பணம் அனுப்புவாய்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கருவியை மாட்டிக்கொண்டு, அவள் அடுக்களையில் மெதுவாகத் திட்டும்போது பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது நடந்துவிடலாம், நடக்காமலும் இருக்கலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஸ்பீக்கரில் எதையும் கேட்டுவைக்காதே.

அன்புடன்,
அப்பா