கிளியோபாட்ராவின் தம்பியையும் எழுதுங்கள்

உலக வரலாற்றைத் தமிழில் தொடராகவும் நூலாகவும் காணொளியாகவும் தந்துவரும் அனைவருக்கும்,

வணக்கம். கிளியோபாட்ராவைப் பற்றி நீங்கள் தருவதை விடாமல் படிப்பவன், பார்ப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அவளுடைய அழகுக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறீர்கள். அவளோடு எகிப்தின் அரியணையில் அமர்ந்த தம்பி பதின்மூன்றாம் தாலமியோ, "தம்பியை வென்று அரசியானாள்" என்ற ஒரே வரியில் வந்து போய்விடுகிறான். யாரை எதிர்த்து, எதற்காகப் போராடினாள் என்பதே தெரியாமல் அவளுடைய அரசியல் எப்படிப் புரியும்?

கி.மு. 51இல் தந்தை பன்னிரண்டாம் தாலமி இறந்தபோது அவளுக்கு வயது 18. அவனுக்குப் பத்து இருக்கலாம். இருவரும் சேர்ந்து ஆள வேண்டும், ரோம் அதற்குக் காவலாக இருக்க வேண்டும் என்று உயில் எழுதிவைத்தவர் அவர். இழந்த அரியணையை ரோமானியரிடம் கடன்பட்டு மீட்டவரும் அவரே. மீட்ட கையோடு, இடையில் ஆண்ட தம் மகள் பெரனிசைக் கொன்றார். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

சிறுவனின் பெயரால் ஆண்டவர்கள் மூவர்: நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பொத்தினஸ், படைத்தலைவன் அக்கில்லாஸ், பேச்சுக்கலை கற்பித்த தியோடோட்டஸ். முதலில் அக்காவின் கைதான் ஓங்கியிருந்தது. கி.மு. 51ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் அவள் பெயர் மட்டுமே இருக்கிறது. தம்பி பெயர் இல்லை. அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. நைலில் போதிய வெள்ளம் வரவில்லை, விளைச்சல் பொய்த்தது. கி.மு. 50 அக்டோபர் 27 தேதியிட்ட அரசாணை ஒன்று பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைக்கிறது. மெம்பிஸ் நகருக்குத் தெற்கே வாங்கும் கோதுமையையும் பருப்பு வகைகளையும் தலைநகர் அலெக்சாந்திரியாவுக்கே கொண்டுவர வேண்டும், வேறெங்கும் கொண்டுபோனால் மரண தண்டனை என்கிறது அது. கிராமம் பசித்தாலும் தலைநகரம் கலகம் செய்யக் கூடாது என்ற கணக்கு. அந்த ஆணையில் அரசன் முதலிலும் அரசி அடுத்தும் குறிக்கப்படுகிறார்கள். அதிகாரம் கைமாறியதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா? இதைச் சொல்லாமல் நேராகச் சீசரிடம் ஓடிவிடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

பிறகு அவளை விரட்டினார்கள். சிரியப் பக்கம் போய்ப் படை திரட்டித் திரும்பினாள். கி.மு. 48இல் எகிப்தின் கிழக்கு எல்லையில் இருந்த பெலூசியம் அருகே அக்காவின் படையும் தம்பியின் படையும் எதிரெதிரே நின்றபோதுதான், சீசரிடம் தோற்ற ரோமானியத் தளபதி பாம்பி அடைக்கலம் தேடிக் கடல்வழியாக வந்து சேர்ந்தார். இந்தப் பிள்ளைகளின் தந்தைக்கு ஒருகாலத்தில் ரோமில் ஆதரவு தந்தவர் அவர். கரைக்கு அழைத்துப்போன சிறு படகில் யாரும் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தாலமியிடம் சொல்வதற்காகக் கிரேக்கத்தில் எழுதிவைத்திருந்த உரையைச் சுருளிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கரையேற எழுந்தவரைப் பின்னாலிருந்து குத்திக் கொன்றார்கள். "செத்தவன் கடிக்க மாட்டான்" என்று அதற்கு யோசனை சொன்னவர் அந்த ஆசிரியர் தியோடோட்டஸ்தான் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். பழி மட்டும் சிறுவன் பெயரில் ஏறியது.

அடுத்து வந்த சீசர், தந்தையின் கடனில் ஒரு கோடி திராக்மா கேட்டார். அக்கா, தம்பி இருவரும் படையைக் கலைக்க வேண்டும் என்றார். கிளியோபாட்ரா படுக்கைப் பையில் ஒளிந்து அரண்மனைக்குள் நுழைந்த கதையை நீங்கள் சொல்லாத நாளில்லை. மறுநாள் தம்பி என்ன செய்தான் என்பதையும் சொல்லுங்கள். சீசரோடு அக்காவைக் கண்டவன் வெளியே ஓடினான். தனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று கூட்டத்தின் நடுவே கத்தி, தலையிலிருந்த அரசப் பட்டத்தைப் பிடுங்கி எறிந்தான்.

நகரம் கொந்தளித்தது. அக்கில்லாஸின் படை வந்து முற்றுகையிட்டது. சீசர் பொத்தினஸைக் கொன்றார். கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயியின் ஆட்கள் அக்கில்லாஸைக் கொன்றார்கள். தங்கள் அரசனைத் திருப்பித் தருமாறு அலெக்சாந்திரியர் கேட்க, சீசர் அவனைப் போகச் சொன்னார். அனுப்ப வேண்டாம் என்று அவன் அழுதான். அதை நடிப்பு என்றுதான் அன்றைய ரோமானியக் குறிப்பு எழுதுகிறது. போனதும் போரைத் தீவிரமாக நடத்தினானாம். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. தன்னை ஆட்டுவித்த பொத்தினஸும் அக்கில்லாஸும் போய்விட்டார்கள். ஓர் அக்கா எதிரியோடு. இன்னொரு சகோதரி தனக்கென ஒரு படையோடு. அந்த வயதில் அழுகையும் உண்மையாக இருக்கலாம், பிறகு வந்த ஆவேசமும் உண்மையாக இருக்கலாம். எழுதியவர் வென்றவரின் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதையாவது உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

கி.மு. 47 தொடக்கத்தில் நைல் கரைப் போரில் தோற்று ஓடியவர்கள் ஒரே படகில் முண்டியடித்து ஏற, படகு கவிழ்ந்து அவன் மூழ்கினான்.

இனி எழுதும்போது, படுக்கைப் பைக்குத் தரும் இடத்தில் பாதியை அந்தத் தானிய ஆணைக்குத் தாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கி.மு. 48இல் இருந்த வயதைப் போடுங்கள்: சீசருக்கு 52, கிளியோபாட்ராவுக்கு 21, தாலமிக்கு 13 அல்லது 14. ஓவியர்களிடமும் அந்த வயதைச் சொல்லியே அவனை வரையச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்