சீசனுக்கு முன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். போனில் பேசலாம்தான். ஆனால் பாதிப் பேச்சில் அம்மா போனை வாங்கி, சாம்பார்ப் பொடி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

நீ பெங்களூர் சௌடையா ஹால் கச்சேரியிலிருந்து அனுப்பிய படம் வந்தது, தோடி ராகத் துணுக்கும் வந்தது. தோடியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒன்று. படத்தில் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்திருக்கிறாய். அப்படி வைக்காதே. ஆலாபனை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நீ, யார் எடுத்துக்கொண்டு போனாலும் தெரியாது. பையை மடியில் வைத்துக்கொள். பக்கத்து நாற்காலி ஆள் உட்காருவதற்கு.

தோடி நன்றாகத்தான் இருந்தது. காந்தாரத்தை அசைத்த விதம் பிடித்தது. பஞ்சமத்தைத் தொடாமல் மேலே போன இடத்தில் மட்டும் கொஞ்சம் அவசரம். எனக்குத் தோடி என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் ஊதியதுதான், உனக்கே தெரியும். அவரை நேரில் கேட்கும் பாக்கியம் இல்லை. 1956-லேயே போய்விட்டார், நான் அப்போது பிறக்கவே இல்லை. தாத்தா வைத்திருந்த இசைத்தட்டில் கேட்டதுதான். ஆனால் மதுரை சோமுவைக் கேட்டிருக்கிறேன். கோயில் திருவிழாவில், மணலில் உட்கார்ந்து. மேடையில் வயலின், மிருதங்கம் போதாதென்று கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று ஒரு படையே இருக்கும். நடுராத்திரி தாண்டினாலும் ஜனம் எழுந்து போகாது. ‘என்ன கவி பாடினாலும்’ என்று நீலமணி ராகத்தில் எடுத்தார் என்றால் கடைக்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நிற்பான். இப்போது இரண்டரை மணி நேரத்தில் மங்களம் பாடி முடித்துவிடுகிறார்கள். ஏசி ஹாலில் அதற்கு மேல் உட்கார யாருக்குப் பொறுமை? சரி, அது கிழவனின் புலம்பல்.

மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து காபிக்குப் போனாயா? போகாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் உன்னை எழ விடமாட்டார். அவர் தொடையில் போடும் தாளம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், பக்கத்தில் இருப்பவனுக்குக் கணக்கே குழம்பிவிடும். இருந்தாலும் கோர்வை முடிந்து எல்லோரும் சமத்துக்கு வரும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பார், அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம். ராமநவமிக்குக் கோட்டைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் இருவரும் எடுத்து அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

மாப்பிள்ளை எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அன்று ராத்திரியே எனக்குப் பாட்டுப் பட்டியல் அனுப்புவார். வர்ணம் என்ன, மெயின் என்ன, எதில் நிரவல், யார் வாசித்தார்கள், எல்லாம் வரிசையாக. ஆடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நானும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். கச்சேரிக்கு மட்டும் கிடைக்கிறதே என்று அம்மா சொன்னாள். நான் சொல்லவில்லை. முறுக்கும் அதிரசமும் இரண்டு டப்பாவில் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒன்று மாப்பிள்ளைக்கு, அவருக்கு வெல்லம் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா. பிறகு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்று. கச்சேரி முடிந்து ராத்திரி காரில் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாய் என்று தெரிகிறது. வாடகை வண்டி வைத்துக்கொள். யாராவது சிநேகிதியோடு போ. மகாராஜபுரம் சந்தானத்தை 1992-இல் கார் விபத்துதான் கொண்டுபோனது. அப்பேர்ப்பட்ட குரல். அன்றிலிருந்து ரோடு என்றாலே எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பு, எந்த நேரமானாலும் பரவாயில்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். கைப்பையையும் மறக்காதே.

உன் அத்தை போனவாரம் வந்திருந்தாள். உன்னைப் பற்றித்தான் பேச்சு. நீ சின்னப் பெண்ணாகத் திருவையாற்றில் தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுகிற கோஷ்டியின் நடுவில் உட்கார்ந்து, நாட்டை முடிந்து கௌளை எடுக்கும்போதே ‘அடுத்தது ஆரபி’ என்று சத்தமாகச் சொன்னாயே, அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிப்பு என்ன, பெருமைதான். அந்த வருஷம்தான் தியாகராஜர் சமாதிக்கு எதிரே இருக்கிற அம்மாள் யார் என்று கேட்டாய். பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் காசைப் போட்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பினவள். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்று ஆண்கள் சொன்னார்கள். சண்டை போட்டுப் பார்த்தாள், முடியாதபோது பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினாள். பிறகு 1940 வாக்கில் ஆண்களின் கட்சிகளும் இவள் கட்சியும் ஒன்றாயின. 1952-இல் அவள் போனதும் தியாகராஜருக்கு எதிரிலேயே சமாதி வைத்தார்கள். அவளுக்குப் பின்னால் எந்தக் குடும்பமும் நிற்கவில்லை. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். பேச்சு அங்கே போய்விட்டது.

உனக்கு அப்படி இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மார்கழி சீசனுக்குச் சென்னைக்கு வருகிறாய் அல்லவா? சபா அட்டவணை வந்ததும் நானே குறித்து வைக்கிறேன். காலையில் விரிவுரைகள், மதியம் பணம் வாங்காத கச்சேரிகளில் சின்னப் பிள்ளைகள். உனக்குப் பிடித்த பாடகர்களுக்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம். ஒருநாள் எஸ்பிளனேடுக்கும் போவோம். அங்கே தமிழிசைச் சங்கத்தில் தேவாரப் பண் ஆராய்ச்சி நடக்கும், அங்கே ஓதுவார்கள் பாடுவதைக் கேட்காமல் ராகம் ராகம் என்று நீ பேசுவது எனக்குச் சம்மதமில்லை. போன வருஷம் அதிகாலையில் மியூசிக் அகாடமி வாசலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வந்தது மாப்பிள்ளை. இந்த வருஷம் நான் நிற்கிறேன். முட்டிவலி இப்போது தேவலை.

மாம்பலத்தில் அத்தையின் மாடி அறையைச் சொல்லிவைத்துவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டாள். குட்டி எழுதுவாள் என்று சொல்லியிருக்கிறேன். நீ மட்டும் வருவதாக இருந்தாலும் எழுது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்கும் அம்மாவுக்கும் சோழன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும். சீக்கிரம் எழுதினால், நீ வந்து சேரும் நாளுக்கு முதல் நாளே நாங்கள் அங்கே இருக்கிற மாதிரி போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அப்பா