வைக்கோலை மடக்கி உழச் சொல்லும் ஆலோசகர்களுக்கு

தானிய விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் வேளாண் அலுவலர்களுக்கும் மண் பரிசோதனை நிலையத்தாருக்கும் வணக்கம்.

அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்தாதீர்கள், மண்ணிலேயே மடக்கி உழுங்கள் என்கிறீர்கள். சரியான பேச்சு. கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும், கந்தகத்தில் ஒரு பகுதியும் புகையோடு போய்விடும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) பெருமளவு மிஞ்சும். ஆனால் நீங்கள் சொல்லாமல் விடுகிற மறுபாதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் முதன்முதலில் மடக்கி உழுத வருஷம், பத்தாம் நாளே விதைத்தேன். மூன்றாவது வாரத்தில் பயிர் வெளிறி, அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. கொளுத்திவிட்டு விதைத்த பக்கத்து வயல் கரும்பச்சையாக நின்றது. உழச் சொன்னவரிடம் கேட்டேன், ஏதாவது நோயாக இருக்கும் என்றார். அடுத்த அறுவடையில் நானும் தீ வைத்தேன். மறுபடியும் மடக்கி உழ எனக்கு மனசு வர நாலு வருஷம் ஆனது.

அது நோயே இல்லை. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தேவையோ ஒன்றுக்கு 25 போல. குறைகிற தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன, இளம்பயிர் பட்டினி கிடக்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்கள் மடியும்போது அதில் ஒரு பகுதி பயிருக்குத் திரும்பக் கிடைக்கும். இது தெரிந்திருந்தால் ஈரம் இருக்கும்போதே, விதைப்புக்குப் பல வாரம் முன்னால் உழுதிருப்பேன். நேரம் இல்லையென்றால் தழைச்சத்து உரத்தில் ஒரு பங்கை விதைப்போடேயாவது கொடுத்திருப்பேன். இடையில் ஒரு பயறுப் பயிர் போட்டு, அதன் தழையையும் சேர்த்து உழுதால் இன்னும் நல்லது. தண்ணீர் கட்டும் நெல் வயலுக்குத் தனி எச்சரிக்கையும் வேண்டும். அங்கே மட்காத புது வைக்கோல் காற்றில்லாமல் அழுகினால், வேரைக் கெடுக்கும் அமிலங்களும் மீத்தேனும் உண்டாகும்.

அப்புறம், மண்ணில் கரிமம் கூட எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. கரிமப் பொருளை 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குக் கொண்டுவர, 20 டன் மட்கு அதில் தங்க வேண்டும். உள்ளே போகும் வைக்கோலில் பெரும்பகுதி கரியமில வாயுவாகிக் காற்றோடு போய்விடும், தங்குவது சிறு பங்குதான். இரண்டே வருஷத்தில் மண் பரிசோதனை அட்டையில் கரிம எண் ஏறும் என்று நம்பவைத்தால், ஏறாத வருஷத்தில் விவசாயி கைவிட்டுவிடுவான்.

ஆனால் தங்கியது லேசில் போகாது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் பார்லி வயலில், ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் இட்டு நிறுத்தினார்கள். நிறுத்தி நூறு வருஷத்துக்கு மேலான பிறகும், எருவே காணாத பாத்தியைவிட அந்த மண்ணில் கரிமம் கூடுதலாக இருந்தது. இதை என்னிடம் முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன்.

பரிசோதனை நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். புதிய கரிம அளவுக்குப் பக்கத்திலேயே பழைய அளவுகளையும் அச்சிடுங்கள். மண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில், ஒரே பருவத்தில் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. எண் மாறுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற மாற்றமும் உண்டு: காய்ந்த மண்கட்டியைத் தண்ணீரில் போட்டால், கரிமம் உள்ளது கரையாமல் நிற்கும், இல்லாதது பொலபொலவென்று உதிரும். அதை வயல் வரப்பிலேயே செய்து காட்டலாம்.

அலுவலர்களே, உழச் சொன்ன வயலுக்கு, விதைத்த மூன்றாவது வாரத்தில் ஒருமுறை வாருங்கள். பயிர் வெளிறி நிற்கும்போது, பக்கத்தில் நின்று காரணம் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு தானிய விவசாயி